அடக்கின கதையும் பழக்கின கதையும்

செஞ்சி என்றதும் சிலருக்குக் கோட்டை ஞாபகம் வரும். சிலருக்குக் குதிரை ஞாபகம் வரும். பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதையை யாராவது ராகம் போட்டு வாசிக்கக் கேட்டவர்கள் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். டில்லி பாதுஷாவிடம் பாராசாரி என்று ஒரு குதிரை. யாரையும் முதுகில் ஏற விடாது. தேசிங்கின் தகப்பன் அதை அடக்கப் போகிறான், முடியவில்லை, டில்லியிலேயே சிறைப்பட்டுக் கிடக்கிறான். பிள்ளை வளர்ந்து விஷயம் தெரிந்ததும் தோழன் மகபத்கானோடு புறப்பட்டுப் போய், தன் தெய்வமான ரங்கநாதனை நினைத்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி ஏறுகிறான். குதிரை அடங்குகிறது. தகப்பன் விடுதலையாகிறான். பிள்ளைக்குப் பெண்ணும் கிடைக்கிறது, பேரும் கிடைக்கிறது. பிரதிக்குப் பிரதி சில்லறை வித்தியாசங்கள் உண்டு. ஆனால் இந்தத் தாவல் மட்டும் எந்தப் பிரதியிலும் மாறுவதில்லை.

கட்டம் நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பாடுகிறவனுடைய குரல் தானாக ஏறுகிற இடம் அது. கேட்டுக்கொண்டிருக்கும் பையன்கள் தாங்களே குதிரை மேல் இருப்பதுபோல் முழங்காலை இடுக்கிக்கொள்வார்கள். நாட்டுக் கதைப் பாடலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. விமரிசகன் கேட்கலாமோ கூடாதோ, நாவலாசிரியன் கேட்டுத்தான் ஆகவேண்டும். மறுநாள் காலையில் அந்தக் குதிரை என்ன செய்தது?

மறுநாளும் அதே தேசிங்கு லாயத்துக்கு வந்திருப்பான். அதே சேணம், அதே முதுகு. முதல் நாள் திகைப்பு குதிரைக்குப் போயிருக்கும். பக்கத்துக் கொட்டிலில் ஒரு பெட்டைக் குதிரை கனைத்திருக்கலாம். அப்போது என்ன நடந்தது என்பதைப் பாட்டு சொல்வதில்லை. சொல்லத் தெரியாமல் விடவில்லை. சொல்ல அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து விட்டிருக்கிறது. நம்முடைய கதை மரபில் பெரும்பகுதியும் அப்படித்தான் நினைக்கிறது.

தமிழில் இதற்கு வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. குதிரையை அடக்கினான் என்போம். நாயைப் பழக்கினான் என்போம். உழவர்கள் காளையை வசக்குவது என்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. அடக்குவதற்கு ஒரு நாள் போதும், பார்ப்பதற்குக் கூட்டமும் வேண்டும். வசக்குவது எப்படியென்றால், இளங்காளையைப் பழகின மாடு ஒன்றோடு நுகத்தில் சேர்த்துக் கட்டி, முதலில் ஏரைக் காட்டாமல் ஒரு கட்டையை மட்டும் இழுக்கவிட்டு, வரப்பைப் பார்த்து ஓடாமல் திரும்பவும் திரும்பவும் நடத்துவது. கூட்டம் கூடாது. கூடினாலும் கால்மணி நேரத்தில் கலைந்து போய்விடும். பாட்டுக்கு அடக்குவது உதவும். சாப்பாட்டுக்கு வசக்குவதுதான் உதவும்.

அலெக்சாந்தரின் குதிரை புகெபாலஸைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் யாருக்கும் அடங்காத குதிரை. அங்கேயும் தகப்பனும் பிள்ளையும். பதின்மூன்று தாலந்து விலை சொன்ன குதிரையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற சமயத்தில் பையன் குறுக்கிடுகிறான். குதிரை தன் நிழலைப் பார்த்துத்தான் மிரளுகிறது என்று கவனித்துவிட்டு அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்புகிறான். கூடவே நடந்து தடவிக் கொடுக்கிறான். போர்வையைச் சத்தமில்லாமல் நழுவவிட்டு விட்டு அப்புறம் ஏறுகிறான். இதுவும் ஒரே பகலில் முடிகிற கதைதான். ஆனால் தாவுவதற்கு முன்னால் ஒரு பார்வை இருக்கிறது. குதிரைக்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்த பையன் அவன். நம் பாராசாரி ஏன் யாரையும் ஏற விடவில்லை என்று நம் கதையில் யாரும் கேட்கவில்லை. அது அப்படிப்பட்ட குதிரை, அவ்வளவுதான்.

ஒரு நாள் கதையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959ல் வந்தது. நடப்பது ஒரு பிற்பகல். மாடு அணைவதே அப்படிப்பட்ட காரியம். சில நிமிஷத்தில் தீர்கிற ஒன்றைச் சிறிய புத்தகமாக எழுதினார், சரியாக எழுதினார். அந்தக் காளையை யாரும் பழக்க வரவில்லை. ஜாக் லண்டன் விஷயம் வேறு. 1903ல் அவர் எழுதிய நாய்க் கதையில் சிவப்பு ஸ்வெட்டர்க்காரன் ஒருவன் தடியால் நாலு போடு போட்டதும் நாய்க்கு வாழ்நாள் முழுவதற்கும் பாடம் வந்துவிடுகிறது. உலகமெல்லாம் ரசித்த கட்டம். எனக்குப் பாராசாரிக் கட்டத்தைவிட மட்டமாகத்தான் படுகிறது. பாராசாரிக் கட்டத்தில் தெய்வமாவது இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1906ல், அவரே எழுதிய மற்றொரு நாவலில் அடிபட்டு அடிபட்டு விஷமாகிப்போன ஓநாய்க் கலப்பு ஒன்றைக் கையும் இறைச்சித் துண்டுமாக ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரவைக்கிறான். ஓர் அடி, அரை அடி, திரும்பப் பின்வாங்கல். லண்டனுக்கு நாய் தெரிந்திருந்தது இந்தப் பக்கங்களில்தான் தெரிகிறது. முதல் புத்தகத்துக்குத்தான் பேர் அதிகம்.

நம் பழைய ஏடுகளிலும் நாய்க்குப் பஞ்சமில்லை. ஏகலைவனைக் கண்டு குரைத்த நாயின் வாயில் ஏழு அம்புகள் போய் அடைக்கின்றன. அதைப் பார்த்த பாண்டவர்களும் துரோணரும் வில்லைத்தான் வியந்தார்கள். நாயைச் சும்மா இருக்க வைப்பதற்கு இதைவிட வேகமான வழி எந்த இலக்கியத்திலும் இல்லை! நாலடியார் யானையின் நட்பை விட்டு நாயின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. அதிலே வருவது வேலைப் பாய்ச்சினாலும் வாலைக் குழைக்கிற நாய். கடைசியில் தருமபுத்திரனோடு மலை ஏறுகிற நாயும் யாரும் கூப்பிடாமலே வருகிறது. எல்லாம் வளர்ந்து, முடிந்து, விசுவாசமாகவே வந்து சேர்ந்த நாய்கள். எட்டு மாதத்து நாய் ஒன்றுகூட இல்லை. எட்டு மாதத்து நாயை வீட்டில் வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் குறையின் அளவு தெரியும்.

செஞ்சியில் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அப்படி ஒன்றை வைத்திருந்தார். கன்னி ஜாதி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கருப்பு நிறத்தையும் ஒட்டின இடுப்பையும் பார்த்தால் பாதியாவது நிஜமாக இருக்கும் என்று தோன்றியது. பேர் மணி. (கிரேக்க நாட்டு ஸெனபோன் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய நூலில், நாய்க்குப் பேர் சின்னதாக இருக்கவேண்டும், கூப்பிட வசதி என்று சொல்லி ஒரு நீளமான பட்டியலும் கொடுத்திருக்கிறார். நம் ஊரார் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே மணியில் வந்து நின்றிருக்கிறார்கள்.) மணிக்கு அப்போது பத்து மாதம் நடந்துகொண்டிருந்தது. நாலாம் மாதத்தில் கூப்பிட்ட குரலுக்குச் சுருண்டு வந்து காலில் விழுந்த குட்டி, எட்டாம் மாதத்திலிருந்து வாத்தியாருடைய குரலைத் தூரத்து மிருதங்கம்போல் கேட்க ஆரம்பித்தது. கேட்கிறது, தனக்கில்லை.

கோட்டைப் பக்கம் கவனத்தைக் கலைப்பதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பாறைக்குப் பாறை குரங்கு. மதிலை ஒட்டி மேய்கிற ஆடுகள். வெளியூர்க்காரர்கள் கொறித்துப் போட்ட கடலைத்தோல். ராஜகிரி உச்சியிலிருந்து இறங்குகிற காற்றில் என்னென்ன வாசனை வருகிறதோ, நாய்க்குத்தான் தெரியும். கோட்டையைத் தாண்டிப் போகிற திண்டிவனம் – திருவண்ணாமலை ரோட்டில் பஸ்ஸும் லாரியும் நாயைப் பார்த்து நிற்பதில்லை. கூப்பிட்டால் வராத நாய்க்கு அந்த ஊரில் ஆயுசு குறைவு. இதை வாத்தியாருக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“வாத்தியாரய்யா, போன வாரம் குட்டி ஒண்ணைத் துரத்திக் கால் ஒடிஞ்சு போச்சு. நீங்க பணம் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். அடுத்த தடவை வாங்க மாட்டேன். சோத்துல என்ன கலக்கணும்னு எங்களுக்கும் தெரியும்.”

“ரெண்டு மாசம் பொறுங்க பெரியவரே. கயித்தை விட்டு அவுக்க மாட்டேன்.”

“ரெண்டு மாசத்துல அதுக்குப் புத்தி வந்துடுமா?”

“அதுக்கு வருதோ இல்லையோ, கயிறு என் கையில இருக்கும்.”

கிழவர் சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்றுவிட்டுப் போனார்.

நான் பார்த்தது அந்த இரண்டு மாதத்தில் நாலைந்து மாலைகள். முப்பது முழம் கயிறு. கழுத்துப் பட்டையில் ஒரு முனை, வாத்தியார் கையில் மறுமுனை. முதல் சில நாள் கொல்லைப்புறத்தைத் தாண்டவில்லை. அங்கே மணி உத்தமன். பிறகு தெரு; அங்கே அரை உத்தமன். பிறகு கோட்டை மதிலுக்கு வெளியே, ஆடுகள் புள்ளி புள்ளியாகத் தெரிகிற தூரம். அங்கே கொல்லைப்புறத்துப் பாடம் ஒன்றும் பாக்கியில்லை. வாத்தியார் முகம் சுளிக்கவில்லை. இருபது தப்படி பின்னால் வந்து, ஆடு இன்னும் சின்னதாகத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். “மணி” என்று ஒரு தடவைதான் கூப்பிடுவார். இரண்டாம் தடவை கூப்பிட்டால், முதல் தடவை கூப்பிடுவது சும்மாவுக்கு என்று நாய் கற்றுக்கொள்ளுமாம். திரும்பிப் பார்த்தால் இடுப்பிலிருந்து ஒரு துணுக்குக் கருவாடு. வந்து வாங்கினதும் உடனே போ என்று மறுபடி விட்டுவிடுவார். வருவது என்றால் விளையாட்டு முடிந்தது என்று அதற்குத் தோன்றக் கூடாது. பத்து நிமிஷம் ஆனதும் நிறுத்திவிடுவார், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். நன்றாகப் போகும்போது நிறுத்தத்தான் மனோதிடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: ஆட்டைப் பார்க்கும்போது நாலு போடு போடுங்கள் சார். இதற்கும் ஸெனபோன் பதில் சொல்லியிருக்கிறார், குதிரையைப் பற்றி எழுதின வேறொரு நூலில். மிரளுகிற பொருளுக்கு எதிரில் வைத்து அடித்தால், அந்த வலியையும் அந்தப் பொருளே கொடுத்ததாகக் குதிரை நினைத்துக்கொண்டு முன்னிலும் அதிகமாக மிரளும் என்கிறார். கோபத்தோடு குதிரை அருகில் போகவே கூடாது என்றும் சொல்கிறார். படைத் தலைவராக இருந்தவர் அவர். வேட்டை நாய்க்குட்டிகளைப் பற்றியும் அவர் சொல்வது வாத்தியார் செய்ததுதான். பெட்டையை எட்டாம் மாதத்திலும் ஆணைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும்; ஆனால் உடனே அவிழ்த்துவிடாமல் நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வாத்தியாருக்கு ஸெனபோனைத் தெரியாது. கயிற்றின் நீளம்தான் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2020ல் இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்து லூசி ஆஷரும் கூட வேலை செய்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாய்க்குட்டிகளுக்கு ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் ‘உட்கார்’ என்று கட்டளை கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் அவை வளர்த்தவருடைய சொல்லை முன்போல் கேட்கவில்லை. அந்நியர் சொன்னால் கேட்டன. வளர்த்தவரோடு ஒட்டுதல் உறுதிப்படாத குட்டிகளிடம் இந்த முரண்டு கூடுதலாக இருந்தது. வயசு தாண்டினதும் தணிந்தும் போயிற்று. நாய்களை வேண்டாம் என்று கொண்டுபோய் விடுகிறவர்களில் பலர் இந்தப் பருவத்தில்தான் விடுகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம். கொஞ்ச நாளில் சரியாகப் போகிற ஒன்றுக்காகக் கைவிடப்படுகிற பிராணிகள்!

ஆக, டில்லிக்கு அந்நியனாக வந்த ஒரு பையன் சொல்லுக்குக் குதிரை அடங்கினது அப்படியொன்றும் நடக்காத காரியமல்லவோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். நாய்க்குச் சொன்னது குதிரைக்குப் பொருந்துமா என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நான் சொல்ல வருவது கதையைப் பற்றி. அந்நியன் ஒரு நாள் வந்து ஜெயிப்பது சுலபமான கதை. தினமும் சோறு போடுகிறவன் தினமும் தோற்று, மறுநாளும் கயிற்றை எடுத்துக்கொண்டு போவதுதான் கஷ்டமான கதை. எழுதவும் கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்று யோசித்தால் நம் பாஷையிலேயே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. ‘பழக்கிவிட்டான்’ என்று எழுதுகிறோம். அந்த ‘விட்டான்’ பத்து மாதத்தை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. அதற்குப் பயந்துகொண்டு ‘பழக்கிக்கொண்டே இருந்தான்’ என்று எழுதினால் பத்து மாதமும் ஒரே மாதமாகிவிடுகிறது. வாசகன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் வாத்தியாருடைய மாலைகள் இருந்தன. அவரையே ஒரு நாள் கேட்டேன், இன்றைக்கு என்ன விசேஷம் என்று. நேற்றுப் போலத்தான் என்றார். கொஞ்சம் பொறுத்து, “நேத்து கூப்பிட்டப்போ காது மட்டும் திரும்பிச்சு. இன்னிக்குக் கழுத்தும் திரும்பிச்சு. கால் திரும்பல்லே” என்றார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன சம்பவம் வேண்டும்? காதுக்கும் கழுத்துக்கும் உள்ள தூரத்தை ஓர் அத்தியாயமாக எழுதத் தெரிந்தால் அவன் எழுத்தாளன். நம்மில் பெரும்பாலோர் அதற்குள் நாயை லாரிக்கு அடியில் தள்ளிக் கண்ணீர் வரவழைத்து முடித்துவிடுவோம். பத்திரிகைக் கதைகளில் லாரிக்கு இருக்கிற வேலை சொல்லி முடியாது.

எழுதிக் காட்டியவர் ஒருவர் உண்டு: ஜெர்மானியரான தாமஸ் மான். முதல் யுத்தம் முடிந்த சூட்டில், 1919ல், உலகம் தலைகீழாக நிற்கும்போது, பௌஷான் என்கிற தன் கலப்பு ஜாதி நாயைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். அதில் நாய் எசமானனுக்கு அடங்குவதும் அடங்காததுமாக நதிக்கரையில் உலாத்துகிற காலைகள்தான் விஷயம். முயல் வாசனை பட்டால் எசமானன் மறந்து போகிறான். ஒருநாள் துப்பாக்கிக்காரன் ஒருவன் வாத்து ஒன்றைச் சுட்டு வீழ்த்துவதைப் பார்த்துவிட்டு, சுடத் தெரியாத தன் எசமானனை அந்த நாய் மட்டமாக நினைக்கிறது. அந்த அவமானத்தை எவ்வளவு பொறுமையாக, தனக்கு எவ்வளவு அசௌகரியமாக எழுதியிருக்கிறார்! நாய்தான் எசமானனைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று வாசகனுக்குப் பாதியிலேயே புரிந்துபோகும். மான் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. குறை ஒன்று சொல்லவேண்டுமானால், நிலக் காட்சிக்கு என்று ஒரு முழு அத்தியாயம் வருகிறது. அதில் நாயும் காணோம், எனக்குப் பொறுமையும் காணோம்.

செஞ்சிக்கே திரும்புவோம். கல்யாண மகாலை ஒட்டி வளைவு வளைவாக நிற்கும் நீண்ட கட்டட வரிசையைக் குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். அத்தனை வளைவிலும் கட்டியிருந்த குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, மேல் தேய்த்து, பீரங்கிச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்கக் கற்றுக் கொடுத்த லாயக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஒருவர் பேரும் பாட்டில் ஏறவில்லை. பொறுமைக்குப் பேர்போன சம்பவம் ஒன்று அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது. மராட்டிய ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்து கோட்டையைப் பிடித்தான். வேண்டுமென்றே காலம் கடத்துகிறான் என்று அன்றைக்கே முணுமுணுத்தார்கள். அந்த வெற்றிக்குப் பின்தான் புந்தேலாத் தலைவன் ஸ்வரூப்சிங்குக்குச் செஞ்சி வந்தது. அவன் பிள்ளை தேஜ்சிங் நம் தேசிங்கு. எட்டு வருஷம் காத்தவனுக்குப் பாட்டில்லை. அப்பன் இறந்து பத்து மாதம்கூட நிலைக்காத பிள்ளைக்குப் பாட்டு. 2025ல் யுனெஸ்கோ மராட்டியரின் படைத் தலங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சியும் அதில் ஒன்றாயிற்று. வந்து பார்க்கிறவர்கள் இன்னமும் கேட்பது தேசிங்கைத்தான்.

1714 அக்டோபர் 3ம் தேதி ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையைச் சில நூறு பேரோடு எதிர்த்துத் தேசிங்கு மாண்டான். வயசு இருபத்திரண்டு என்கிறார்கள். நவாபு கேட்டது பாக்கி வரிப்பணம். பேசிப் பார்க்கலாம், கோட்டைக்குள் இருந்துகொண்டு இழுத்தடிக்கலாம். எட்டு வருஷம் தாங்கின கோட்டை அது. வெள்ளம் புரண்ட ஆற்றில் குதிரையைத் தள்ளி நீந்திக் கடந்து போனான் என்கிறது கதை. மகபத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்து கூடவே செத்தான். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை அவள் பேரால் ஏற்பட்டது.

இந்த இடத்தில் பாட்டுக்காரனை நான் மெச்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாராசாரிக் கட்டம் நடந்ததற்குச் சரித்திரத்தில் ஆதாரம் தேடவேண்டியதில்லை. தேசிங்கு செத்த பிறகு, இப்படிச் சாகிறவனுக்கு எப்படிப்பட்ட இளம்பருவம் இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு பாட்டுக்காரன் உண்டாக்கினது அது. கட்டி இழுத்து நாளாவட்டத்தில் குதிரையைப் பழக்கின ஒரு பையன் அந்த வெள்ளத்தில் இறங்கியிருக்க மாட்டான். ஆகவே தேசிங்கின் குணத்தைப் பற்றிப் பாட்டு சொன்னது சரிதான். குதிரையைப் பழக்குவது எப்படி என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான், ஆட்டைக் கண்டால் நாலு போடு போடு என்கிறார்கள்.

பாட்டின் எல்லையிலேயே பொறுமையாக ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில், பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் நீட்டிப் படுத்திருக்கிறார். யுத்தத்துக்கு உத்தரவு கேட்க வந்த தேசிங்கைப் பார்த்து இன்றைக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். முகம் அப்படியே இருக்கிறது என்று அர்ச்சகர் விளக்கைப் பிடித்துக் காட்டுவார். எதையும் ஒரே தாவில் முடித்துப் பழகின பையன் அந்த முகத்தைப் பார்த்தான். வெளியில் குதிரை சேணம் போட்டுத் தயாராக நின்றிருந்தது.